மனோகரனின் எல்.டி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் காப்பிக் கடையில் கூடும் கூட்டத்துக்கு அந்த எழுபத்தொன்பதாம் ஆண்டு முழுக்க ஒரே பேச்சுதான். ரப்பர் விலையா, தேர்தலா, யார் வீட்டுக் கல்யாணமா, எதுவும் கிடையாது. டொயோட்டா செலிக்காவின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்தைப் பற்றித்தான் அப்படி அடித்துக்கொண்டார்கள்.

"எல்.டி., எஸ்.டி., ஜி.டி. அவ்வளவுதான் லா! கீழ இருந்து மேல மூணே படி," என்பான் கிளாரன்ஸ். சுங்கைப்பட்டாணியில் குமாஸ்தா. வெள்ளை செலிக்கா எஸ்.டி. ஒன்று வைத்திருந்தான். தன் சட்டையைத் துவைக்க மறந்தாலும் அதைத் துடைக்க மறக்கமாட்டான்.

"நாலு படி. ஈ.டி.ன்னு ஒண்ணு அடியில இருக்கு," என்பார் ஹெர்பர்ட் வாத்தியார். கார் கம்பெனிக்காரன் அச்சடித்த கேட்டலாக் எல்லாம் அவரிடம் இருந்தது. கார்தான் இல்லை. வந்து போவது சைக்கிளில்.

"எங்க இருக்கு? கெடாவுல ஒரே ஒரு ஈ.டி.யைக் காட்டுங்க வாத்தியாரே, மீசையை எடுத்துர்றேன்."

"கெடாவுல இல்லாட்டி உலகத்துலயே இல்லையா? ஜப்பான் கேட்டலாக்குல கொட்டை எழுத்துல போட்டிருக்கான்யா."

"ஜப்பான்ல மழை பேஞ்சா பீடோங்ல குடை பிடிப்பீங்களா?"

ஜி.டி. என்றால் கிராண்ட் டூரிங் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. எல்.டி.யின் எல்லுக்குத்தான் அக்கப்போர். வாத்தியார் 'லக்சுரி' என்பார். கிளாரன்ஸ் 'லேடி' என்பான். சொல்லிவிட்டு மேசையின் மறுமுனையில் இருக்கும் மனோகரனைப் பார்த்துக் கண்ணடிப்பான். ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் எல்.டி. வைத்திருந்தவன் மனோகரன் ஒருவன்தான்.

"பொம்பளைங்க கூடையோட பாசாருக்கு ஓட்டிட்டுப் போற கெரெத்தா மச்சான் அது. கோச்சுக்காதே."

மனோகரன் கோபித்துக்கொள்ளமாட்டான். காப்பியைக் கலக்குவான். கலக்கிய காப்பியையே திரும்பத் திரும்பக் கலக்குவான். மேசைக்கடியில் அவன் வலது கால் சும்மா இருக்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல். அங்கே வெயிலில் நிற்கும் அவனுடைய ஆரஞ்சு நிறக் காரின் போனட்டைத் தூக்கிக் காட்டினால் போதும், கிளாரன்ஸின் வாய் அடைத்துப்போகும். உள்ளே இருப்பது ஜி.டி. எஞ்சின். இரண்டு கேம் தண்டு, இரண்டு பெரிய கார்புரேட்டர். அசல் ஜி.டி. பெனாங்கில் கைமாற்றி வாங்கிய அன்றே ஜி.டி. என்ற எழுத்தை நெம்பி எடுத்துவிட்டு, பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்த எல்.டி. எழுத்தைத் தானே ஒட்டியவன் அவன்.

ஊரில் இருக்கிறவன் எல்லாம் எல்.டி.யை வாங்கி ஜி.டி. என்று ஒட்டிக்கொண்டு திரிகிறான். இவன் ஒருவன் தலைகீழ். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அவன் சிரிக்கிற நிலையில் இல்லை.

அவன் அண்ணன் சுப்பிரமணியம் மூன்று வருஷத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் குருணுக்கு வேலைக்குப் போனவன், பலகை லோரி ஒன்றை முந்தப் போனான். எதிரே பஸ். ஒதுங்க இடமில்லை. ரோட்டோர மரத்தில் போய் அடித்தான். வேகம்தான், வேறு யார்மேலும் குற்றமில்லை என்று போலீஸ்காரரே சொல்லிவிட்டார். காரியம் முடிந்த மறுநாள் அம்மா மருதம்மாள் இளையவனைச் செமிலிங் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேகமாகப் போகிற வண்டியை வாங்கமாட்டேன், ஓட்டமாட்டேன் என்று சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். தோட்டத்தில் அதற்குமேல் ஒரு சத்தியம் கிடையாது. மனோகரன் மனசாரத்தான் செய்தான். அப்போது அவனுக்கு அண்ணன் முகம் மட்டும்தான் கண்ணில் இருந்தது.

பிறகு குருண் பேக்டரியில் பிட்டர் வேலை நிரந்தரமானது. ஒருநாள் பெனாங்கில் அந்த ஆரஞ்சு வண்டியைப் பார்த்துத் தொலைத்தான். அவ்வளவுதான், தூக்கம் போயிற்று. வாங்கினால் சத்தியம் போகும், வாங்காவிட்டால் உயிர் போகும் போலிருந்தது. கடைசியில் மனசு ஒரு வழி சொன்னது. மெதுவாக ஓட்டினால் ஜி.டி.யும் எல்.டி.தானே? எழுத்தை மாற்றிவிட்டால் வண்டியும் மாறிய மாதிரிதானே? ஆசை வந்தவனுக்கு இப்படித்தான் அறிவு வேலை செய்யும். எழுத்தை மட்டுமா மாற்றினான்! ஜி.டி.க்கு ஐந்து கியர், அதனால் கியர் குமிழையும் கழற்றிவிட்டு நாலு கியர் கோடு போட்ட குமிழைத் திருகி வைத்தான்.

மருதம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் எழுத்துப் படிக்காதவள். ஆனால் தோட்டத்து லோரி டிரைவர் பக்கிரிசாமியிடம் முதலிலேயே விசாரித்து வைத்திருந்தாள். "எல்.டி.ன்னா ஆமை அக்கா. எஸ்.டி.ன்னா முயலு. ஜி.டி.ன்னா பேய், ஏறுனா எறங்க விடாது," என்று அந்த மனுஷன் அவருக்குத் தெரிந்ததைச் சொல்லியிருந்தார். கார் தோட்டத்து லயத்து வீட்டு வாசலுக்கு வந்த அன்று கிளாரன்ஸும் கூட வந்திருந்தான். அவள் அவன் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"தம்பி, நீ வேதக்காரப் புள்ள, பொய் சொல்ல மாட்ட. இது என்னா எழுத்து?"

"எல்.டி.ம்மா. இருக்கிறதுலயே மெதுவான வண்டி. பயப்படாதீங்க."

அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க முடியாமல் மனோகரன் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தான். "ஆயுத பூசைக்கு நீயும் வாப்பா, உன் சிநேகிதரையும் கூட்டிட்டு வா," என்று அப்போதே அழைத்தும் விட்டாள்.

அதிலிருந்து இரண்டு பக்க இடி அவனுக்கு. வீட்டில் உண்மை தெரிந்துவிடக் கூடாது. காப்பிக் கடையில் உண்மையைச் சொல்லாமல் வாயைக் கட்டுவது பெரும்பாடாக இருந்தது. கிளாரன்ஸுக்கோ மூக்கில் வேர்த்துவிட்டது.

"மச்சான், ஒன்னோட எஞ்சின் சத்தம் எல்.டி. சத்தம் இல்லையே. போனட்டைத் தூக்கு, பாப்போம்."

"போனட் கேபிள் மக்கர்டா."

"போன வாரமும் கேபிள்தான்."

"போன வாரம் சொன்னதே இன்னும் சரியாகலை. என்னா இப்ப?"

"எதையோ ஒளிக்கிற. உள்ள எஸ்.டி. எஞ்சின் இருக்கா? அப்படி இருந்தா ஏன்டா எல்.டி.ன்னு போட்டிருக்க? எந்தப் பைத்தியக்காரனாவது இறக்கிச் சொல்லுவானா?"

வாத்தியார் குறுக்கே விழுவார். "எல்.டி.லயே கடைசி வருஷத்து மாடலுக்கு சத்தம் மாறும்னு கேட்டலாக்குல..." உடனே சண்டை சத்தத்துக்குத் தாவும். மனோகரன் தப்பித்தோம் என்று மூச்சு விடுவான். அடுத்த நிமிஷமே, தப்பித்ததற்காகவே எரிச்சல்படுவான். சொல்லித் தொலைத்தால் என்ன என்று நாக்கு துடிக்கும்.

அதைவிடக் கொடுமை பெரிய ரோடு. கிளாரன்ஸ் பின்னாலிருந்து வந்து ஹார்ன் அடித்துக்கொண்டே முந்திப் போவான். போகும்போது கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டுவான். மனோகரன் பல்லைக் கடித்துக்கொண்டு மீன் வேன்களுக்கும் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கும் பின்னால் ஊர்ந்து போவான். கால் கட்டை விரல் எண்ணெய்ப் பெடலை மிதிக்கத் துடிக்கும். மிதிக்கமாட்டான். வீடு வந்து சேரும்போது பகலெல்லாம் மூட்டை தூக்கியவனைப் போல உடம்பு வலிக்கும்.

ஒரே ஒரு முறை தவறினான். வேலை சீக்கிரம் முடிந்த ஒரு பிற்பகல், வீட்டுக்குத் திரும்பாமல் கடலோரத் தஞ்சோங் டாவாய் ரோட்டில் வண்டியை விட்டான். ஆளில்லாத நீட்டு ரோடு, பக்கத்தில் சதுப்பு மரங்கள். மிதித்தான். ஐயோ, அந்தச் சத்தம்! இரண்டு கார்புரேட்டரும் வாயைத் திறந்து காற்றைக் குடித்த அந்தச் சத்தத்தில் அவன் தன்னை மறந்து கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. சந்தோஷம், வேறொன்றும் இல்லை. ரோடு முடிந்து ஆற்று முகத்தில் படகுகள் தெரிந்தபோதுதான் நிறுத்தினான். சும்மா திரும்பக் கூடாதே என்று மீனவர்களிடம் நல்ல செனாங்கின் மீனாக வாங்கிக்கொண்டு போனான்.

மருதம்மாள் பூரித்துப்போனாள். "வேலை அலுப்போட அவ்வளவு தூரம் போயி அம்மாவுக்கு மீன் வாங்கியாந்திருக்கே, பாரேன்!" லயத்து வாசலில் நின்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள். புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். பெரிய துண்டமாகப் பார்த்து அவன் தட்டில் போட்டாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. முள் குத்திவிட்டது என்று பொய் சொல்லி எழுந்தான்.

ஆயுத பூசை வந்தது. தோட்டத்து ஒர்க்‌ஷாப் கொட்டகையில் லோரி, டிராக்டர், மோட்டார், சைக்கிள் எல்லாம் கழுவி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், பெரிய சட்டியில் சுண்டல். வண்டிகளுக்குப் பூசை போடுவது பக்கிரிசாமியின் பொறுப்பு. அன்றைக்கு அவர் டிரைவர் இல்லை, பூசாரி. வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறும் போட்டுக்கொண்டு ஆளே மாறியிருந்தார்.

மனோகரன் எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தான். போனட் மேலே சந்தனம், சக்கரத்துக்கு எலுமிச்சை, ஒரு மாலை. முடிந்தது கதை. கிளாரன்ஸும் வாத்தியாரும் கொட்டகைக்குள் நுழைந்தபோதுகூட அவன் அவ்வளவாகப் பதறவில்லை.

பக்கிரிசாமி ஆரஞ்சு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். "மூடியைத் தொற தம்பி."

"மேலயே வைங்கண்ணே. கேபிள் சரியில்லை."

"அட என்னாப்பா நீ? தகரத்துக்கா பூசை? எஞ்சினுக்குத்தானே பூசை! லோரிக்கு, டிராக்டருக்கு எல்லாம் தொறந்துதானே வெச்சேன்?"

"பரவால்லண்ணே, இந்த வருஷம் சும்மா மேலால..."

"மனோ." சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றிருந்த மருதம்மாள்தான் கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. "உங்கண்ணன் மோட்டாருக்கு அந்த வருஷம் நான் பூசை போடலை. காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேன். அடுத்த வருஷம் போட்டுக்கலாம்னு விட்டேன். அடுத்த வருஷம் இருந்தானா அவன்? தொறடா சாமி. அம்மா கையால வெக்கணும்."

இனியும் கேபிள் என்பதா? உலகத்தில் எந்தக் கேபிளும் அந்த இடத்தில் செல்லாது. அவன் கதவைத் திறந்து குனிந்து பிடியை இழுத்தான். போனட் 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது. தூக்கிக் கம்பியில் மாட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் ஒதுங்கி நின்றான்.

கிளாரன்ஸ் எட்டிப் பார்த்தான். தேர்தலில் ஜெயித்தவனைப் போல இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.

"அலாமாக்! ட்வின் கேம்! வாத்தியாரே, ஓடி வாங்க! ஜி.டி.! அசல் ஜி.டி. லா! நான் சொன்னேனா இல்லையா, இது எல்.டி. சத்தமே இல்லைன்னு! அடப்பாவி, ஜி.டி.யை வெச்சுக்கிட்டாடா என் எஸ்.டி.க்குப் பின்னால ஊர்ந்துக்கிட்டு வந்தே?"

வாத்தியார் ஓடிவந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டார். "ஆமாய்யா, ஆமா, ஜி.டி.யேதான்," என்றார்.

இத்தனை மாதம் மனோகரன் ஏங்கியது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். கிளாரன்ஸ் வாயாலேயே வந்துவிட்டது. வந்தும் ஒரு துளி சந்தோஷம் இல்லை அவனுக்கு. அவன் அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தனத்தில் தோய்ந்த விரல் அந்தரத்தில் நின்றது.

"பக்கிரி, ஜி.டி.ன்னா நீ சொன்னியே, அதுவா?" என்றாள்.

பக்கிரிசாமி சூடத் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அது... அக்கா, அன்னைக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னது..."

அப்போதுதான் கிளாரன்ஸுக்கு உறைத்தது. கையை இறக்கினான். "அம்மா, நான் அன்னைக்கு... எழுத்து எல்.டி.ன்னுதான்ம்மா போட்டிருந்துச்சு. நான் பொய் சொல்லலைம்மா," என்று திக்கினான். பாவம், அவன் முகம் செத்துப்போயிற்று. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒப்பாரி வைப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள், கிண்ணத்தைத் தூக்கி எறிவாள் என்று மனோகரன் காத்து நின்றான். அவள் குனிந்தாள். எஞ்சின் மேல் மூன்று இடத்தில் சந்தனம் வைத்தாள். ஒவ்வொன்றின் மேலும் குங்குமம் வைத்தாள். பக்கிரிசாமி காட்டிய சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எலுமிச்சம்பழங்களைத் தானே சக்கரத்துக்கடியில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"மூடிட்டு வண்டியை எடு."

"எங்கம்மா?"

"பெரிய ரோட்டுக்கு."

பழங்கள் நசுங்கி வண்டி நகர்ந்தது. தோட்டத்துச் செம்மண் பாதை முடிந்து, பீடோங்கும் தாண்டும்வரை அவன்தான் பேசினான். மன்னிச்சுக்கம்மா என்றான். வித்துர்றேன் என்றான். ஒருநாளும் வேகமாக ஓட்டவில்லை என்று தொடங்கியவன், தஞ்சோங் டாவாய் ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தினான். "மீன் வாங்கியாந்தேனே, அன்னைக்கு ஒரு தரம் ஓட்டினேன்," என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வலது பக்கம் ரப்பர் மரங்கள் ஓடின. எதிரே ஜெராய் மலை வெயிலில் நின்றது. குருணுக்குப் போகிற ரோடு நீட்டமாக, காலியாகக் கிடந்தது. அண்ணன் போன ரோடு.

"மனோ, இது எவ்வளவு வேகம் போகும்?"

"எதுக்கும்மா அதெல்லாம்?"

"போ. எவ்வளவு போகுமோ அவ்வளவு போ."

"அம்மா!"

"போடான்னா! பெத்தது ரெண்டு. ரெண்டுக்கும் இதுல என்னாதான் இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா? சோறு போட்டேன், சாமி கும்பிட்டேன், சத்தியம் வாங்கினேன். எல்லாத்தையும் தள்ளி வெச்சிட்டு இதுகிட்ட ஓடுறீங்களே, அப்படி என்னாடா இருக்கு இதுல? காட்டு எனக்கு. அவன்கிட்ட கேக்க முடியாது. நீ காட்டு."

அவன் மிதித்தான். மூன்றாவது கியர், நான்காவது. எஞ்சின் அடித்தொண்டையில் உறுமி எழுந்தது. அவள் ஒரு கையால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள், கண்ணை மூடவில்லை. முந்தானை காற்றில் படபடத்தது. குமிழில் கோடு இல்லாத ஐந்தாவது கியருக்குத் தள்ளினான். மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பின்னால் போயின. வேக முள் ஏறியது. அவள் 'போதும்' என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் சொல்லவில்லை. இன்னும் ஏறியது. இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று அவன் காது அவள் பக்கமே இருந்தது. அவள் ரோட்டையே விழுங்குகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டில் ஒரு வினாடி ஏதோ வந்து போனது. அது சிரிப்பு என்று அவன் பிற்பாடு யாரிடமும் சத்தியம் செய்யமாட்டான், ஆனால் சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

தூரத்தில் வளைவு தெரிந்தது. வளைவுக்குள்ளிருந்து பலகை ஏற்றிய லோரி ஒன்றின் மூக்கு வெளியே வந்தது. அவனுக்குப் பக்கத்தில் அம்மா இருந்தாள். சட்டென்று அவன் கால் தானாகவே எண்ணெய்ப் பெடலை விட்டது. பிரேக்கை மெல்ல அழுத்தி, வண்டியை ஓரமாக லாலான் புல்லில் இறக்கி நிறுத்தினான். லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு வண்டியைக் கடந்து போயிற்று.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அவள்.

"பயந்துட்டேன்மா." அவனுக்கு மூச்சு வாங்கியது. சொல்ல வெட்கமாகக்கூட இல்லை. "ரொம்பப் பயமா இருந்துச்சு."

மருதம்மாள் அவனை உற்றுப் பார்த்தாள். வேர்த்து வழிந்த நெற்றியை, ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்த விரல்களை, ஆடிக்கொண்டிருந்த காலைப் பார்த்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷமாக வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது.

"அவனுக்கும் இந்தப் பயம் வந்திருக்கக் கூடாதாடா? ஒரே ஒரு நிமிசம் வந்திருக்கக் கூடாதா என் சாமிக்கு?"